சந்தாதாரரின் சம்மதம்

பிரபாவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது முத்துகிருஷ்ணன் அவளுக்கென்று தனியாக ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்தின் எலெக்ட்ரிகல் பிரிவில் அவனுக்கு வேலை. கிரேன் நின்றுவிட்டால் எந்த நேரமும் கூப்பிட்டு அனுப்புவார்கள். "வலி எடுத்தா ஒரு தட்டு தட்டு, எங்கன இருந்தாலும் வந்து நிப்பேன்" என்றான். சிம் கார்டுக்கு அடையாளச் சான்று கேட்டார்கள். அவன் தன் துறைமுக அட்டையைக் காட்டித் தன் பெயரிலேயே வாங்கி வந்தான். அந்த எண் தூத்துக்குடியில் இரண்டு வீட்டாருக்கும், பிரபா எழுத்தராக வேலை பார்த்த மத்திய அரசு அலுவலகத்தில் ஓரிருவருக்கும் தெரியும். பிறகு, பிரசவத்துக்குப் பெயர் பதிந்திருந்த நர்சிங் ஹோமுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

2006 மார்ச்சில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண். மயக்கத்தின் ஊடே பிரபாவுக்கு ஒரு மெல்லிய அழுகை கேட்டது. மூச்சுத் திணறுகிறது என்று குழந்தையை உடனே வேறு அறைக்குக் கொண்டு போனார்கள். அவள் முழுதாகக் கண் விழித்துக் குழந்தையைக் கேட்டபோது நர்ஸ் வெளியே போய் முத்துகிருஷ்ணனை அனுப்பினாள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.  குழந்தை போய்விட்டது என்று அவன் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

அடக்கம் செய்ய அவன் மட்டும் போனான். அவளால் எழுந்து உட்காரவே முடியாத நாள் அது. திரும்பி வந்தபோது அவன் செருப்பெல்லாம் சேறு.

"எப்படி இருந்தான்?" என்று கேட்டாள்.

"நான் பார்க்கல."

வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டாள். தையல் ஆறி, விடுப்பு முடிந்து, மறுபடி அலுவலகம் போகத் தொடங்கிய பிறகும் ஒருநாள் சாப்பாட்டின் நடுவில் கேட்டாள். "பார்க்கலன்னு சொன்னேன்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை என்பதால் பேசுவதற்கு ஒரு சொல்லும் இல்லை.

கோடை தொடங்கும்போது முதல் அழைப்பு வந்தது. ஒரு பெண் இந்தியில், அம்மாவானதற்கு வாழ்த்துகள் என்றாள். குழந்தை உணவின் மாதிரி டப்பா ஒன்றை இலவசமாக வீட்டுக்கே அனுப்புகிறோம், முகவரி மட்டும் உறுதி செய்யுங்கள் என்றாள். பிரபா பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். அடுத்தது குழந்தைகளைப் படம் எடுக்கும் ஸ்டுடியோ. அதற்கடுத்தது குழந்தையின் படிப்புக்கான காப்பீடு. அந்தப் பெண்ணிடம் பிரபா தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்: "குழந்தை இறந்துபோச்சு."

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஸாரி மேடம். விருப்பமில்லை என்று குறித்துக்கொள்ளட்டுமா?"

"இறந்துபோச்சுன்னு குறிங்க."

"எங்க கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு கட்டம் இல்லை மேடம். விருப்பமில்லை என்றுதான் இருக்கு."

விருப்பமில்லை என்று குறித்தவர்களை அந்தக் கம்பெனி சில வாரம் கழித்து மீண்டும் கூப்பிட்டது. ஒருநாள் மாலை முத்துகிருஷ்ணன் வேலை முடிந்து வந்தபோது, அவள் விளக்குப் போடாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரு கூப்பிட்டா?"

"நடை பழகுத வண்டி விக்காங்களாம்."

அவன் அவள் மடியிலிருந்து போனை எடுத்துக்கொண்டான். "இது இனிமே எங்கிட்ட இருக்கட்டும். என் போன நீ வச்சுக்கோ. கூப்பிடுதவன நான் கவனிச்சுக்கிடுதேன்."

அவன் அந்த ஆட்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பான் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. தன்னால் முடியாததை அவன் செய்கிறான் என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு துர்கா பூஜைக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போனவன் சார்ஜில் போட்ட போனை மறந்துவிட்டுப் போனான். அது அடித்தது. பிரபா எடுத்தாள்.

"வணக்கம்! ரோஹித் அம்மாவா பேசறது?"

தமிழ். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பேசுகிற, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துவைக்கிற தமிழ்.

"எந்த ரோஹித்?"

"முத்துகிருஷ்ணன் சாரோட பையன், மேடம். நான் சாதனா. சார் இல்லியா? ரோஹித்துக்கு ப்ளே ஸ்கூல் ஆரம்பிக்கற வயசு இல்ல, அதான்..."

பிரபா போனை அணைத்தாள். முத்துகிருஷ்ணன் வந்து பையைத் தரையில் வைப்பதற்குள் சொன்னாள்: "ஒரு பொண்ணு தமிழ்ல பேசுதா. உங்க பேரச் சொல்லுதா. ரோஹித்துன்னு பையனாம். நம்ம புள்ளைக்கு நாம பேரே வைக்கலியே."

அவன் குனிந்து பையிலிருந்து சாமான்களை எடுத்து வைத்தான். "வேற யார் வீட்டயோ நினைச்சுக் கேட்டிருப்பா."

"உங்க பேரச் சொன்னாளே."

"எங்கயாவது தப்பா ஏறியிருக்கும்."

"அந்த சிம்மத் தூக்கிப் போட்டுருங்க. வேற வாங்கிக்கிடலாம்."

"ஊர்ல எல்லாருக்கும் இந்த நம்பர்தான தெரியும்? பாப்போம்."

இரண்டு வீட்டாரைத் தவிர ஊரில் மற்றவர்களுக்குத் தெரிந்தது அவனுடைய பழைய எண்தான், இப்போது அவள் கையில் இருந்தது. அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறவள் அவள். எழுத்தில் இல்லாத எதுவும் நடக்காது என்று பழகியவள். விற்பனை அழைப்பு வேண்டாதவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துவைக்கலாம், அதன்பின் அழைத்தால் குற்றம் என்று ஒரு புதிய ஏற்பாடு அப்போதுதான் வந்திருந்தது. அன்றைக்கே அந்தப் போனிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பிப் பதிந்தாள். நடைமுறைக்கு வர ஒன்றரை மாதம் ஆகும் என்று பதில் வந்தது. புத்தாண்டு கழிந்ததும் போனைத் திரும்பக் கேட்டாள். முத்துகிருஷ்ணன் தயங்கித்தான் கொடுத்தான்.

தடை வந்தபின்னும் சாதனா கூப்பிட்டாள். பிரபாவின் குரலைக் கேட்டதும், "சார்கிட்ட பேசணும்" என்றாள். பிரபா தொலைபேசி நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். அழைத்த கம்பெனியை விசாரித்ததாகவும், வாடிக்கையாளர் சம்மதத்தின் பேரில்தான் அழைக்கிறோம் என்று அவர்கள் சொல்வதாகவும் பதில் வந்தது. யாருடைய சம்மதம் என்று கேட்டு எழுதினாள். அதற்குப் பதில் இல்லை.

அலுவலகத் தோழி ஒருத்தியின் அக்கா மிதாலி சென்குப்தா அலிப்பூரில் வக்கீல். அவள் காகிதங்களைப் பார்த்துவிட்டு, நுகர்வோர் மன்றத்தில் போடலாம் என்றாள். எண்ணை வெளியே கொடுத்த நர்சிங் ஹோம் ஒரு எதிர்மனுதாரர், சால்ட் லேக்கில் இருந்து அழைக்கும் கம்பெனி இன்னொரு எதிர்மனுதாரர்.

வீட்டில் முத்துகிருஷ்ணன், "கோர்ட்டுக்கெல்லாம் என்னத்துக்கு பிரபா? போனது போச்சு" என்றான்.

"போனது போச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்கதான நம்ம புள்ளைய வளத்துக்கிட்டு இருக்காங்க. பால் டப்பா, நடவண்டி, இப்ப பள்ளிக்கூடம்."

"சொன்னாக் கேளு. விட்டுரு."

"நீங்க திட்டித் திட்டிப் பாத்தீங்கல்ல, நின்னுச்சா?"

அவன் வாயைத் திறந்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

விசாரணை மழைக்காலத்தில் வந்தது. குடைகளிலிருந்து சொட்டிய நீர் மன்ற அறையின் வாசலில் தேங்கியிருந்தது. தலைவருக்கு வயதாகியிருந்தது, பொறுமையான மனிதர். பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள், அதில் ஒருவர் பெண். கணவன் வராமல் தனியாகப் போய் நின்றால் நன்றாக இருக்காது என்று பிரபா வற்புறுத்தி முத்துகிருஷ்ணனை லீவு போடவைத்து அழைத்து வந்திருந்தாள். அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான்.

நர்சிங் ஹோமின் வக்கீல் இரண்டே வாக்கியம் பேசினார். எண்ணை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தோம் என்பதற்கு ஆதாரம் இருந்தால் காட்டட்டும்.

கம்பெனியின் வக்கீல் எழுந்தார். கூடவே மடிக்கணினியோடு ஒரு இளைஞன் எழுந்தான். கம்பெனி விதிப்படி அழைக்கிறதா என்று பார்ப்பது தன் வேலை, பெயர் சாய் கிருஷ்ணா என்று ஆங்கிலத்தில் சொன்னான். வக்கீல் முதலில் சிம் கார்டு விண்ணப்பத்தின் நகலைக் கொடுத்தார். சந்தாதாரர் மனுதாரர் அல்ல, அவருடைய கணவர் என்றார். அந்தச் சந்தாதாரர், எண் தடைப் பதிவில் வந்த பிறகு, தெளிவாக வாய்மொழிச் சம்மதம் கொடுத்திருக்கிறார் என்றார். ஒலிப்பதிவு இருக்கிறது, உரையாடல் தமிழில் என்பதால் மொழிபெயர்க்க இந்த இளைஞனையே கூட்டி வந்திருப்பதாகவும் சொன்னார்.

மிதாலி ஆட்சேபித்தாள். தலைவர், கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றார்.

மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் சாதனாவின் குரல் வந்தது.

"சார், வணக்கம். ரோஹித் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காம்மா."

பிரபா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த இளக்கத்தை அவள் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

"நடக்கறானா சார்?"

"நடக்கானா? கைய விட்டா ஓடுதான். நேத்து வாசல் வரைக்கும் போயிட்டான்."

சாய் கிருஷ்ணா நிறுத்தி, நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னான். குழந்தை ஓடுகிறது. நேற்று வாசல்வரை போய்விட்டது.

"யார் மாதிரி சார்? உங்க மாதிரியா, மேடம் மாதிரியா?"

"முடி அவ மாதிரி. நல்ல சுருட்டை. சீப்பு உள்ள போகாது. மோவாயில ஒரு குழி இருக்கு பாரு, அது எங்க ரெண்டு வீட்டுலயும் யாருக்கும் கிடையாது. சிரிச்சா குழி மறஞ்சிரும்."

"முடி சுருட்டை" என்று மொழிபெயர்த்த சாய் கிருஷ்ணா மோவாய்க் குழிக்கு ஆங்கிலச் சொல் கிடைக்காமல் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினான். பெண் உறுப்பினர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிரபாவைப் பார்த்தார்.

"சார், அடுத்த மாசம் ப்ளே ஸ்கூல் கிட் வருது. நாங்க கூப்பிட்டுச் சொல்லலாமா? ரெக்கார்டுக்காகக் கேக்கறேன்."

"கூப்பிடும்மா. எப்ப வேணும்னாலும் கூப்பிடு. ஆபீஸ் நேரத்துல கூப்பிட்டாத் தேவல."

பதிவு நின்றது. கடைசி வரியைச் சாய் கிருஷ்ணா மெதுவாக மொழிபெயர்த்தான். வக்கீல், "இதுதான் சம்மதம்" என்றார். "மனுதாரர் குழந்தை இறந்துவிட்டதாகச் சொல்கிறார். சந்தாதாரர் குழந்தை நலம் என்கிறார். நாங்கள் சந்தாதாரரை நம்பினோம்."

தலைவர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். "இது உங்கள் குரலா?"

முத்துகிருஷ்ணன் எழுந்து நின்றான். "ஆமா சார்."

"குழந்தை உயிரோடு இருக்கிறதா?"

"இல்ல சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். உத்தரவு பிறகு வரும் என்றார்.

வெளியே மழை விட்டிருந்தது. மிதாலி ஏதோ சொல்ல வந்து, வேண்டாமென்று பிரபாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். பிரபா பஸ் நிறுத்தம்வரை முன்னால் நடந்தாள். முத்துகிருஷ்ணன் பின்னால் வந்தான். பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குவார்ட்டர்ஸுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு கேட்டாள். "பார்க்கலன்னு சொன்னீங்க."

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"எத்தன தடவ கேட்டேன்? ஒரு தடவையாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. சுருட்ட முடின்னு. மோவாயில குழின்னு. யாரோ ஒருத்திக்குச் சொல்லுதீங்க. நான் அத கோர்ட்டுல, இங்கிலீஷ்ல கேக்கேன்."

"அவளுக்கு எதுவும் தெரியாது பிரபா" என்றான். "அதனால பேச வந்துது."

"எனக்குத் தெரியும்ல, அதனாலதான் கேட்டேன்."

அவன் அன்று துறைமுகத்தில் வேலை இருக்கிறது என்று போனான். வேலை இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

உத்தரவு சில வாரத்தில் தபாலில் வந்தது. மனு தள்ளுபடி. மனுதாரர் சந்தாதாரர் அல்ல. சந்தாதாரர் தடைக்குப் பிறகும் சம்மதம் தந்திருக்கிறார். நர்சிங் ஹோம்மீது போதிய ஆதாரம் இல்லை. மனுதாரரின் துயரத்துக்கு மன்றம் வருந்துகிறது. கம்பெனி நல்லெண்ணத்தின் பேரில் அந்த எண்ணைத் தன் பதிவிலிருந்து நீக்கிக்கொள்வதாகச் சொன்னதை மன்றம் பதிந்துகொள்கிறது.

பிரபா அதைப் படித்து மேஜைமேல் வைத்தாள். தோற்றதில் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் உறைக்கவில்லை. அவள் நினைப்பு முழுக்க வேறெங்கோ இருந்தது. அவளுக்கு இப்போது ஒரு பிள்ளை இருந்தான். சுருட்டை முடி, மோவாயில் குழி. லேக் மார்க்கெட்டில் மாவு வாங்க நிற்கும்போது, இடுப்பில் இருக்கும் ஏதாவது ஒரு குழந்தையின் தலையைப் பார்த்து, இதைவிடச் சுருட்டையா என்று யோசித்தாள். சீப்பு உள்ளே போகாது என்றானே. குளிக்கவைத்தால் தலை துவட்ட எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தாள். முத்துகிருஷ்ணன்மேல் அடங்காத கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடு கோபமாக, அவன் சொன்ன மற்றதையெல்லாம் கேட்டாக வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் பேசியிருக்கிறான். கண் எப்படி இருந்தது, விரல் எப்படி, எல்லாம் சொல்லியிருப்பான்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு சால்ட் லேக் ஐந்தாவது செக்டாருக்குப் போனாள். கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் வரவேற்பறையில் காக்கவைத்தார்கள். சாய் கிருஷ்ணா கழுத்தில் அட்டையோடு இறங்கி வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மேடம்... அக்கா, உக்காருங்க. என் தமிழ் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், நான் இங்கயே பொறந்தவன்."

"எனக்கு அந்தப் பேச்செல்லாம் வேணும். எல்லாத்தையும். அவரு சாதனாகிட்ட பேசினது."

அவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். "அது குடுக்க முடியாது அக்கா. கஸ்டமர் பிரைவசி. யார் குரலோ, அவங்க எழுதிக் குடுக்கணும். அவங்களுக்கு மட்டும்தான் குடுப்போம். இதுல நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"என் புள்ளையப் பத்தினது அது."

"புரியுது அக்கா. ஆனா ரெக்கார்டு சாரோடது."

"என் நம்பர நர்சிங் ஹோம் குடுத்துச்சே, அப்ப இந்த பிரைவசி எங்க போச்சு?"

"அத நாங்க ஒரு ஏஜென்சிகிட்ட வாங்கினோம். ஏஜென்சி எங்க வாங்கினாங்கன்னு நாங்க கேக்கறதில்ல. கேக்கணும்னு ரூல் இல்ல." அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு நீளமான விண்ணப்பத் தாளை நீட்டினான். "சார் இதுல கையெழுத்துப் போட்டா நான் சீடியில போட்டுத் தரேன். ப்ராமிஸ்."

பிரபா தாளை வாங்கிக்கொண்டாள். எழுந்தவள் நின்றாள். "ஒண்ணு கேக்கட்டுமா? அவரு உங்ககிட்ட ஒரு சாமானும் வாங்கலியே. அந்தப் பொண்ணு ஏன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா?"

"டாக் டைம், அக்கா. ஒரு நாளைக்கு இவ்வளவு நிமிஷம் பேசியிருக்கணும்னு அவங்களுக்கு டார்கெட். எல்லாரும் உடனே கட் பண்ணுவாங்க. சார் பேசுவாரு. மாசக் கடைசியில நிமிஷம் குறைஞ்சா சாதனா சாரைத்தான் கூப்பிடுவா." சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியவன்போல லிஃப்ட்டைப் பார்த்தான்.

அன்று மாலை முத்துகிருஷ்ணன் வந்து கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க. நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் அதக் கேட்டுக்கிடுதேன்."

அவன் தாளைப் படித்தான். திரும்பவும் முதலிலிருந்து படித்தான். பேனாவைத் தொடவில்லை.

"போடுங்க."

"அதக் கேட்டு என்ன செய்யப் போற?"

"எம் புள்ள எப்படி இருந்தான்னு தெரிஞ்சுக்கிடுதேன். உங்களுக்கென்ன, நீங்க பாத்துட்டீங்க."

"நான் பார்க்கல பிரபா."

"இன்னுமா?"

"சத்தியமா பார்க்கல." அவன் குரல் உயரவில்லை. "துணியில சுத்தி ஒரு ஆயா கொண்டாந்து குடுத்தா. மொகத்தையும் சேத்து மூடியிருந்துது. தொறந்து பாக்கேளான்னு கேட்டா. நான் வேண்டாம்னுட்டேன். பயமா இருந்துது. டாக்சியில மடியில வச்சிருந்தேன். அப்பவும் பார்க்கல. குழிக்குள்ள வைக்கும்போது குழி வெட்டுன ஆளும் கேட்டான், கடைசியா ஒரு தடவ பாருங்க பாபுன்னு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

பிரபா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுருட்ட முடி?"

"அவ கேட்டா. சொன்னேன்."

"மோவாயில குழி?"

"அதுவும்தான். எங்க செக்சன்ல ஒருத்தன் பையனுக்கு இருக்கு. பாக்க நல்லா இருக்கும்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மொத தடவ திட்டத்தான் எடுத்தேன். பையன் எப்படி இருக்கான் சார்னு கேட்டா. நல்லா இருக்கான்னு வாயில வந்துருச்சு. அப்புறம் நிறுத்த முடியல. பேரு கேட்டா, அதையும் வச்சேன்."

குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தான். ஏதாவது செய்ய வேண்டியிருந்தது அவனுக்கு.

"அந்தப் பொய்ய எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் பிரபா.

"என்ன?"

"நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கெடந்து எப்படி இருந்தான்னு கேட்டேன்லா? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. சுருட்ட முடின்னு. குழின்னு. நான் நம்பியிருப்பேன். சாகுத வரைக்கும் நம்பிக்கிட்டுக் கெடந்திருப்பேன். எனக்கு மட்டும் உண்மையச் சொல்லணும்னு உங்களுக்கு எங்கேருந்து வந்துது?"

 அவள் தாளை எடுத்து மடித்தாள். கிழிக்கவில்லை. கிழிப்பதற்கும் அதில் ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் அவர்கள் உப்பு, அரிசி, கேஸ் சிலிண்டர் தவிர எதையும் பேசிக்கொள்ளவில்லை. ஹால்டியா துறைமுகத்தில் ஆள் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததும் முத்துகிருஷ்ணன் எழுதிக் கொடுத்தான். சனிக்கிழமை வந்து திங்கள் காலை போய்விடலாம் என்றான். அவள் சரி என்றாள். அவன் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்ததும் அவள்தான்.

அவன் போன பிறகு ஒருநாள் அவள் அந்த நர்சிங் ஹோமுக்குப் போனாள். வழக்குப் போட்டவள் என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கவுண்டரில் இருந்தவளிடம் தனக்குத் தெரிந்த வங்காளத்தில் கேட்டாள்: இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதம், இன்ன தேதியில், குழந்தைகள் பிரிவில் பகல் வேலையில் இருந்த ஆயா யார்? அவளைப் பார்க்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். துணியைச் சுற்றினவள் முகத்தைப் பார்த்திருப்பாள்.

கவுண்டர்ப் பெண் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள்.

"அந்த ஆயா இப்போ இங்கே இல்லை, அக்கா. வேலையை விட்டுப் போய்விட்டாள்."

"பேராவது சொல்லுங்க. வீடு எந்தப் பக்கம்? போன் நம்பர் இருந்தாக் குடுங்க."

"அதெல்லாம் தர முடியாது" என்றாள் அந்தப் பெண், மரியாதையாகத்தான். "வேலை பார்த்தவர்களின் சொந்த விவரத்தை நாங்கள் வெளியாட்களுக்குக் கொடுப்பதில்லை. உங்கள் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போங்கள். ஏதாவது தெரிந்தால் கூப்பிடுகிறோம்."

கவுண்டரின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தையும் நூலில் கட்டிய பேனாவையும் தள்ளினாள். பின்னால் வரிசையில் ஒரு பெண் நிறைமாத வயிற்றோடு நின்றிருந்தாள். அவளுடைய புருஷன், சீக்கிரம் ஆகட்டும் என்றான். பிரபா அந்தப் பெண்ணுக்கு எதையோ சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. காகிதத்தை எடுத்துத் தன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.